சேவல் கூவும் பக்கம்

யெரெவானில் முதல் பனி விழுந்த வாரம்
பன்னிரண்டு சுவிசேஷப் பிரதிகள் என் மேசைக்கு வந்தன.
ஆட்டுத்தோல், கன்றுத்தோல்.
ஒன்று தீயில் ஓரம் சுருண்டிருந்தது.
ஒன்றை எலி தின்றிருந்தது, லூக்காவில் தொடங்கி.
வேறு வேறு நூற்றாண்டு, வேறு வேறு மலை;
எழுதிய கைகள் ஒன்றையொன்று அறியாதவை.

காமிராவைத் துடைத்தபடி ஹ்ராச் சொன்னான்:
"நகலுக்கு நகல், அதற்கும் ஒரு நகல்.
எங்கள் குடியிருப்பில் ஒரு பூனை
ஐந்தாம் மாடிக்குப் போவதற்குள் புலியாகிவிடும்.
எதை நம்பி நீ ஞாயிற்றுக்கிழமை
மெழுகுவர்த்தி ஏற்றுகிறாய், ஷூஷானிக்?"

எனக்குப் பதில் சொல்ல வராது.
எண்ண வரும். எண்ணினேன்.

அந்த ஓர் அதிகாரத்தில் நூற்றுப் பதினேழு வேறுபாடு.
பெயர் இருந்த இடத்தில் 'அவர்'.
தூக்கக் கலக்கத்தில் ஒரே வரி இரண்டு முறை.
விட்டுப்போன வரியொன்று
சின்னச் சிலுவைக் குறியோடு ஓரத்தில் வந்து நிற்கிறது,
பள்ளிக்குப் பிந்தி வந்த பிள்ளை மாதிரி.
இரண்டு இடத்தில் எது மூலம் என்று தெரியவில்லை.
தெரியவில்லை என்றே எழுதிவைத்தேன்.

ஆனால் பன்னிரண்டிலும் முற்றத்தில் நெருப்பு எரிகிறது.
பன்னிரண்டிலும் வேலைக்காரப் பெண்ணொருத்தி
அவன் முகத்தை உற்றுப் பார்க்கிறாள்.
பன்னிரண்டிலும் பேதுரு மறுதலிக்கிறான்.
எலி தின்றதிலும்
சேவல் கூவுகிறது.

ஏழாவது பிரதி.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தான் ஹ்ராச்.
தோலில் ஒரு பள்ளம். கத்தி போன தடம்.
'மறுதலித்தான்' என்ற சொல்லை
யாரோ சுரண்டத் தொடங்கி
பாதியில் நிறுத்தியிருக்கிறான்.
அதன் மேலேயே, அதே சொல்லை,
இன்னும் கறுப்பான மையில்.

கணவாய் பனியில் மூடிய மடம்.
கேட்க ஆளில்லை, கையில் கத்தி இருக்கிறது,
தலைமைச் சீடனின் மானம் அரை விரல் அகலம்.
சுரண்டியிருக்கலாம்.
கடைசித் தாளில் அவனே எழுதியிருக்கிறான்:
விரல் விறைக்கிறது, மையை மூச்சால் உருக்குகிறேன்,
பிழை என்னுடையது, சொல் என்னுடையதல்ல.

மார்ச் மாதம் ஒரு தொலைபேசி.
"வர்த்கெஸ் உங்கள் தம்பியா?"
கடன்காரர்கள் என்று நினைத்தேன்.
அப்படி யாரும் எனக்கில்லை என்றேன்.
மறுநாள் வாசலில் கேட்டார்கள், அதையே சொன்னேன்.
மூன்றாம் முறை யாரும் கேட்கவில்லை.
எங்கள் தெருவில் சேவல் கிடையாது;
விடியலில் குப்பை லாரிதான் வரும்.

என் கதையை நான் எழுதியிருந்தால்
முதலில் சுரண்டியிருப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

சந்தையில் உலர்பழம் விற்கும் அனஹித்
எடை குறைந்தால் தானே கூப்பிட்டுச் சொல்வாள்.
அவள் தராசை நான் பார்ப்பதில்லை.
அப்படித்தான் இதுவும் எனக்கு.
தன் ஆட்களின் இரவை மறைக்காத கை
கல்லறைக்கு வெளியே அந்த விடியலை மட்டும்
புனைந்து எழுதியிருக்குமா?

"இது நிரூபணம் ஆகாது," என்றான் ஹ்ராச்.
"ஆகாதுதான்," என்றேன்.
அவன் விளக்கை அணைக்கவில்லை.
குனிந்து இன்னொரு முறை பார்த்தான்.

அறிக்கையில் எழுதினேன்:
எண்பத்து நான்காம் தாள். கத்திக் கீறல், பழையது.
வாசகம்: முழுமை.

பிறகு மேலங்கி மாட்டாமலே படிக்கட்டுக்குப் போய்
க்யூம்ரி மருத்துவமனையின் எண்ணைத் தேடி அழுத்தினேன்.
நீண்ட நேரம் மணி அடித்தது.
யார் பேசுவது என்று ஒரு பெண் கேட்டாள்,
அலுத்த குரல், பின்னால் யாரோ இருமினார்கள்.

"வர்த்கெஸின் அக்கா," என்றேன்.
சரியாகக் கேட்கவில்லை என்றாள்.
இன்னொரு முறை சொன்னேன்.